அலமாரிக்குப் போய்விடும் ஸ்பிளிண்டுகள்

கை மூட்டுவலிக்கு, மூட்டைத் தாங்கிப் பிடிக்கக் கையில் மாட்டும் ஸ்பிளிண்ட் வாங்கியவர்களிடம் ஆறு மாதம் கழித்து விசாரித்தால் இரண்டு பதில்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "போட்டுப் பார்த்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை" என்பது ஒன்று. "போட்டுக்கொண்டே இருந்தால் கை அதற்கே பழகிப் பலம் போய்விடுமாமே, அதனால் எடுத்து வைத்துவிட்டேன்" என்பது இன்னொன்று. ஒருவருக்கு அது போதவில்லை, மற்றவருக்கு மிஞ்சிவிட்டது. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் அலமாரிதான். எந்த மூட்டுக்காகக் கொடுத்தார்கள், எந்த வேலைக்கு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் இருவரிடமும் பதில் இருக்காது. "வலிக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரிதான் ஸ்பிளிண்டோடு வீட்டுக்கு வந்திருக்கும். அந்த வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வலி தலைதூக்கும் நேரத்தில் மூட்டைப் படுத்திய வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். மூடியைத் திருகி, துணியைப் பிழிந்து, பூட்டைத் திறந்து, எல்லாம் ஆன பிறகு சாயங்காலம் வலிக்கிறது என்று எடுத்து மாட்டினால், அந்த நேரத்தில் அது செய்வதற்கு மிச்சமிருப்பது கொஞ்சம் ஓய்வு கொடுப்பது மட்டும்தான்.

ஆய்வுகளும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் உள்ள 112 பேரை வைத்து பிரான்சில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு அளவெடுத்துத் தைத்த நியோப்ரீன் (மெத்தென்ற ரப்பர்த் துணி) ஸ்பிளிண்டைக் கொடுத்து இரவில் மட்டும் போடச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது வலியில் வித்தியாசமே இல்லை. பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ஸ்பிளிண்ட் போட்டவர்களுக்கு வலியும் குறைந்திருந்தது, கையால் செய்ய முடிந்த வேலைகளும் கூடியிருந்தன. 2021-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு வேறு கதை சொன்னது. 349 பேருக்கும் தெரபிஸ்டின் வழிகாட்டலும் பயிற்சியும் கொடுத்து, ஒரு பிரிவுக்கு நிஜ ஸ்பிளிண்ட், ஒரு பிரிவுக்கு மூட்டைத் தாங்காத போலி ஸ்பிளிண்ட், மூன்றாம் பிரிவுக்கு ஸ்பிளிண்டே இல்லை என்று பிரித்தார்கள். எட்டு வாரம் கழித்து மூன்று பிரிவுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

"அப்படியென்றால் ஸ்பிளிண்ட் வீண்தானே?" என்று இரண்டாவது ஆய்வைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. முதல் ஆய்வில் போலி ஸ்பிளிண்ட் கிடையாது, ஆகவே அதை அப்படியே தலைமேல் வைத்துக் கொண்டாட முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் ஒன்று எட்டு வாரத்தில் அளந்தது, இன்னொன்று ஒரு வருடத்தில் அளந்தது. ஒன்றில் எல்லோரும் பயிற்சி செய்தார்கள், இன்னொன்றில் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இதுதான்: ஸ்பிளிண்ட் மருந்து மாதிரி உள்ளே இறங்கி வேலை செய்வதில்லை. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. மாட்டியிருக்கும் நேரத்தில் மூட்டின் மேல் விழும் பாரத்தின் திசையையும் அளவையும் மாற்றுகிறது, அவ்வளவுதான். எந்த நேரத்தில் மாட்டுகிறோம் என்பதில் பாதி வெற்றியும், பயிற்சியைக் கூடவே செய்கிறோமா என்பதில் மீதியும் இருக்கிறது. 2018-இன் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை கட்டைவிரல் அடிமூட்டுக்கு ஸ்பிளிண்டைச் சொல்லும்போது நீண்ட காலம் பயன்படுத்தவே சொல்கிறது. இரண்டு வாரம் போட்டுவிட்டு முடிவு கட்டுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எந்த மூட்டு?

கை ஆர்த்ரைடிஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் நோய்க்கு நோய் அது பிடிக்கும் இடம் வேறு. தேய்மானம் பெரும்பாலும் விரல்களின் நுனிக்கணு, நடுக்கணு, கட்டைவிரலின் அடிமூட்டு ஆகியவற்றில் உட்காரும். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) மணிக்கட்டு, கை முஷ்டி மடக்கும்போது மேடாகத் தெரியும் அடிக்கணுக்கள், நடுக்கணுக்கள் ஆகியவற்றைப் பிடிக்கும். நுனிக்கணுவைப் பொதுவாக விட்டுவிடும். ஆகவே கடையில் "ஆர்த்ரைடிஸ் ஸ்பிளிண்ட்" என்று கேட்டு வாங்குவதில் அர்த்தமில்லை. மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளிண்டை வாங்கிவந்து கட்டைவிரல் வலி போகவில்லை என்று குறைப்படுபவர்கள் நிறைய. அதில் கட்டைவிரல் சுதந்திரமாக வெளியே நிற்கிறது. வலிக்கிற மூட்டை அது தொடவே இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி: வலிக்கும் இடத்தை உள்ளங்கையால் பொத்திக் காட்டாமல், மறு கையின் ஒரே ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டுங்கள். கட்டைவிரல் மணிக்கட்டைச் சேரும் குழிவில் விரல் போகிறதா, நடுவில் இருக்கும் கணுவுக்குப் போகிறதா, மணிக்கட்டின் நடுவுக்கா? பிறகு எந்த அசைவில் வலி வருகிறது என்று பாருங்கள். கிள்ளும்போதா, திருகும்போதா, உள்ளங்கையை ஊன்றி எழும்போதா? இந்த இரண்டு பதிலும் இருந்தால் தெரபிஸ்டின் பாதி வேலை முடிந்தது.

கட்டைவிரல் அடிமூட்டு

இந்த ஒரு மூட்டைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஸ்பிளிண்ட் அதிகம் உதவுவதும், தவறாகப் போடப்படுவதும் இங்கேதான். 1977-இல் வெளியான ஒரு கணக்கீடு உண்டு. கட்டைவிரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்து எதையாவது கிள்ளிப் பிடித்தால், நுனிக்கணுவில் சுமார் 3 கிலோ, நடுக்கணுவில் 5.4 கிலோ, அடிமூட்டில் 12 கிலோ பாரம் விழுகிறது. பலமாக இறுக்கிப் பிடித்தால் அடிமூட்டில் 120 கிலோ வரை போகலாம். சாவியைத் திருகுவது நமக்குச் சின்ன வேலை. அந்த மூட்டுக்கு அது பெரிய வேலை.

தேய்ந்த மூட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு பேனாவை அழுத்திப் பிடிக்கும்போது ஆரோக்கியமான கையில் இரண்டு விரலும் சேர்ந்து ஒரு வட்டம் வரும். தேய்ந்த கையில் அந்த வட்டம் நசுங்கும். கட்டைவிரலின் அடி எலும்பு பின்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் நழுவி, மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு போலப் புடைக்கும். எலும்பின் மறுமுனை உள்ளங்கையை நோக்கிச் சாயும், இரண்டு விரலுக்கும் நடுவே உள்ள சதைப்பகுதி சுருங்கும். இதை ஈடுகட்ட நடுக்கணு பின்பக்கமாக வளையும். கொஞ்ச காலத்தில் கட்டைவிரலே இசட் எழுத்து போல மடங்கி நிற்கும்.

அடிமூட்டை மட்டும் சுற்றிக் கட்டி, நடுக்கணுவைச் சும்மா விட்ட ஸ்பிளிண்ட் சிலரிடம் ஏன் தோற்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. நடுக்கணு பின்னால் வளைகிற கை என்றால், ஒவ்வொரு கிள்ளலிலும் அந்த வளைவே அடிமூட்டை நழுவவைக்கிறது. அப்படிப்பட்ட கைக்கு நடுக்கணுவையும் உள்ளே சேர்த்து, 20 முதல் 30 டிகிரி வரை முன்பக்கம் மடித்த நிலையில் வார்க்க வேண்டும். நடுக்கணு மடிந்தால் அடிமூட்டின் உள்ளங்கைப் பக்கம் உள்ள தேய்ந்த பரப்பிலிருந்து பாரம் விலகும். நுனிக்கணுவை மட்டும் எப்போதும் வெளியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பொத்தான்கூடப் போட முடியாது. நடுக்கணு வளையாமல் திடமாக இருக்கும் கைக்கு அடிமூட்டு வரையிலான குட்டையான ஸ்பிளிண்டே போதும்.

முன்கை வரை நீளும் ஸ்பிளிண்டா, உள்ளங்கையோடு நிற்கும் குட்டையானதா என்ற கேள்வியில் என் சார்பு குட்டைப் பக்கம்தான். மணிக்கட்டையும் சேர்த்துப் பூட்டினால் வலி நன்றாக அடங்கும், ஆனால் ஒரு வேலையும் ஓடாது. வேலை ஓடவில்லை என்றால் மதியத்துக்குள் கழற்றிவிடுவார்கள். மணிக்கட்டுக்குள்ளும் தேய்மானம் இறங்கியிருந்தால், அல்லது வலி உச்சத்தில் இருக்கும் சில வாரங்களுக்கு, அல்லது இரவுக்கு நீளமானது சரி.

வார்க்கும்போது

ஸ்பிளிண்ட் செய்யும் தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) தகட்டை 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் போல வைத்தால் இளகிவிடும். துண்டில் ஒற்றி, தெரபிஸ்ட் தன் கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகு கையில் போர்த்துவார். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். கட்டைவிரலுக்கு 2.4 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய தகடு போதும். மணிக்கட்டைத் தாங்க 3.2 மில்லிமீட்டர். கட்டைவிரலுக்கும் இந்தத் தடிமனைப் போட்டால் பருமன் பிடியைக் கெடுக்கும்.

அந்த மூன்று நிமிடத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. கை தளர்ந்து கிடக்கையில் வார்த்தால், தளர்ந்த கைக்குத்தான் அது பொருந்தும். தகடு இறுகும்போது நோயாளி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாகச் சேர்த்து வட்டம் பிடிக்க, தெரபிஸ்ட் நழுவும் அடி எலும்பைப் பின்பக்கத்திலிருந்து உள்ளே தாங்கி அமர்த்தியிருக்க வேண்டும். அதிகம் அமுக்கினால் அந்தப் புடைப்பின் மேலேயே தகடு உட்கார்ந்து பிறகு புண்ணாக்கும். இதைத் தவிர்க்க, வார்ப்பதற்கு முன்பே புடைப்பின் மேல் ஒரு சின்ன ஃபோம் துண்டை வைத்துவிட்டு அதன் மேல் வார்ப்பது நல்ல பழக்கம். தகட்டில் அந்த இடம் மட்டும் குமிழாக நிற்கும். வீட்டில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர். உறுத்துகிறது என்று உள்ளே பஞ்சோ ஃபோமோ ஒட்டுகிறார்கள். உள்ளே இடம் இன்னும் குறைந்து அழுத்தம் கூடத்தான் செய்யும். உறுத்தும் இடத்தைத் திரும்பச் சூடாக்கி வெளியே தள்ள வேண்டும்.

கையில் மாட்டியவுடன் அங்கேயே சோதித்துவிடுங்கள். முஷ்டி மடக்கினால் நான்கு விரல்களின் அடிக்கணுக்களும் முழுதாக மடங்க வேண்டும். உள்ளங்கையின் மேல்ரேகையைத் தாண்டித் தகடு ஏறியிருந்தால் மடங்காது. மணிக்கட்டை இரண்டு பக்கமும் வளைத்தால் ஓரம் கடிக்கக் கூடாது. கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைத் தொட வேண்டும். கடைசியாக, வழக்கமாக வலிக்கும் அந்தக் கிள்ளலைச் செய்துபாருங்கள். முதல் கிள்ளலிலேயே வலி கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் திரும்ப வார்த்துத் தரச் சொல்லுங்கள். ஒரு வருடக் கணக்கில் வரும் பலன் வேறு, பிடியில் உடனே தெரியும் நிம்மதி வேறு.

பட்டைகளில் ஒரு சின்ன விஷயம்: வெல்க்ரோவின் முனையை ஒரு சென்டிமீட்டர் உள்பக்கமாக மடித்து ஒட்டிவிட்டால் அந்த முனை எங்கும் ஒட்டாமல் நிற்கும். வலிக்கும் விரலால் சுரண்டிப் பிரிக்க வேண்டியதில்லை, பிடித்து இழுத்தால் போதும். ஒரே கையால் மாட்டவும் கழற்றவும் முடியாத ஸ்பிளிண்டைத் தனியாக இருப்பவர் எப்படிப் பயன்படுத்துவார்?

விரல்களுக்கு

முடக்குவாதத்தில் நடுக்கணு பின்பக்கமாக வளைந்து நுனிக்கணு முன்னால் தொங்குவதை அன்னக்கழுத்து விரல் என்பார்கள். இதற்கு எட்டு வடிவ வளைய ஸ்பிளிண்ட் அருமையான கருவி. விரலின் மேற்புறத்தில் நடுக்கணுவுக்கு மேலும் கீழுமாக இரண்டு வளைவுகள், அடியில் கணுவின் மடிப்பில் குறுக்கே ஒரு தாங்கல், ஆக மூன்று இடத்தில் மட்டும் அழுத்தம். விரல் முழுதாக மடங்கும், நிமிர்ந்து வரும்போது நேராவதற்குச் சற்று முன் நின்றுவிடும். நடுக்கணு நிமிராமல் மடிந்தே நிற்கும் விரலுக்கு இதே வளையத்தைத் தலைகீழாகப் போடுவார்கள். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: மறு கையால் மெல்ல நேராக்கினால் அந்த விரல் நேராக வேண்டும். இறுகிப்போன கணுவில் வளையம் வேலை செய்யாது, அழுத்திப் புண்ணாக்கும். அளவெடுப்பது கணு அதிகம் வீங்கியிருக்கும் நேரத்தில் இருக்கட்டும். பலருக்கு அது காலை. சாயங்காலம் எடுத்த அளவில் செய்த வளையம் மறுநாள் காலையில் கணுவைத் தாண்டாது.

தேய்மானத்தால் நுனிக்கணு வலித்து வளையத் தொடங்கியிருந்தால், அந்த ஒரு கணுவை மட்டும் நேராகத் தாங்கும் சின்னக் குழாய் ஸ்பிளிண்டை இரவில் போடலாம். மூன்று மாதம் இரவில் போட்டதில் வலி குறைந்து, கணு நிமிர்வதும் மேம்பட்டதை 2014-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. பகலில் அந்த விரலுக்குச் சுதந்திரம் கொடுங்கள்.

விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும் முடக்குவாதக் கைக்கு, விரல்களைப் பிரித்து நேராக நிறுத்தும் ஸ்பிளிண்டுகள் உண்டு. போட்டிருக்கும்போது பிடி மேம்படும், கழற்றினால் விரல் பழைய இடத்துக்குத்தான் போகும். இது தெரிந்து போட்டால் ஏமாற்றம் இல்லை.

மணிக்கட்டுக்கும் இரவுக்கும்

வேலை நேரத்துக்கான மணிக்கட்டு ஸ்பிளிண்ட் மணிக்கட்டைச் சுமார் 10 முதல் 30 டிகிரி பின்பக்கம் சாய்த்து, முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு நீளம் வர வேண்டும். நீளம் குறைந்தால் பாரம் ஒரே இடத்தில் குவிந்து ஓரம் வெட்டும். இரவு ஓய்வு ஸ்பிளிண்டில் விரல்கள் ஒரு பந்தைத் தளர்வாகப் பிடித்த வளைவில் கிடக்க வேண்டும். நேராக விறைப்பாகப் பலகையில் கட்டக் கூடாது. முடக்குவாதத்தின் ஆரம்ப கட்டத்தில் இருப்பவர்களில் ஒரு பிரிவுக்கு இரவு ஸ்பிளிண்டைக் கொடுத்து ஒரு வருடம் பார்த்த 2008-இன் ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் வேண்டாம். கை சூடாக வீங்கி, இரவில் வலியில் விழிக்கிற நாட்களுக்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம். இரண்டு கையிலும் சேர்த்துப் போட்டால் போர்வையை இழுக்கவும் முடியாது என்பதால், ஒரு இரவு வலது, மறு இரவு இடது என்று மாற்றிப் போடச் சொல்வது வழக்கம்.

முதல் நாளே முழு இரவும் போட வேண்டாம். ஒன்று இரண்டு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். லேசான சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் கவலையில்லை. மறையாத சிவப்பு, கொப்புளம், மரத்துப்போதல் வந்தால் திருத்த வேண்டும். கட்டைவிரலின் பின்பக்கம் மட்டும் ஊசி குத்துவது போல இருந்தால், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க ஓரத்தில் தோலுக்கு அடியில் ஓடும் நரம்பைப் பட்டையோ தகட்டின் ஓரமோ நெரிக்கிறது. நியோப்ரீன் போட்ட இடத்தில் அதே வடிவத்தில் அரிப்போடு தடிப்பு வந்தால், ரப்பரில் சேர்க்கும் ரசாயனத்தின் ஒவ்வாமையாக இருக்கலாம். உள்ளே பருத்தி உறை போட்டும் தணியவில்லை என்றால் வேறு பொருளுக்கு மாறுங்கள். தெர்மோபிளாஸ்டிக்கை வெந்நீரில் கழுவுவதும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வதும் ஒன்றுதான், இரண்டிலும் வடிவம் போய்விடும். பட்டைகளை மூடிவிட்டு வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.

பலம் போய்விடும் என்ற பயம்

இந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ராப்பகலாகக் கழற்றாமல் போட்டால் மூட்டு இறுகும், தசையும் மெலியும். அதனால்தான் நேரம் சொல்லாமல் கொடுப்பதை நான் இவ்வளவு எதிர்க்கிறேன். பாரமான கிள்ளலும் திருகலும் உள்ள வேலைக்கு முன்பே மாட்டுவது, வேலை முடிந்ததும் கழற்றுவது, கழற்றிய கையை அசைப்பது என்ற முறையில் போனால் பலம் போக வழியில்லை. முடக்குவாதக் கைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி கொடுத்த பிரிட்டன் ஆய்வில், 490 பேரில் பயிற்சி செய்த பிரிவினரின் கை ஒரு வருடம் கழித்தும் மேலாக இயங்கியது. இது 2015-இல் வெளியானது.

கட்டைவிரல் அடிமூட்டுக்கு நான் முதலில் சொல்லும் பயிற்சி ஆள்காட்டி விரலுக்கானது. உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாக நகர்த்துங்கள். மறு கையின் ஒரு விரலால் லேசாகத் தடுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவே கையின் பின்பக்கத்தில் ஒரு தசை திரளும். அந்தத் தசை நழுவும் எலும்பைத் தன் இடத்தில் இழுத்துப் பிடிக்கும் உள்ளூர் காவலாளி. ஐந்து நொடி பிடித்து விட்டு, பத்து முறை. அதோடு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை மறு கையால் மெல்ல நீவி விரித்துவிடுங்கள். ரப்பர் பந்தைப் பலங்கொண்ட மட்டும் அமுக்கும் பயிற்சியை மட்டும் இந்த மூட்டுக்குச் செய்யாதீர்கள். மேலே சொன்ன 120 கிலோ கணக்கு அங்கேதான் வருகிறது.

ஸ்பிளிண்டால் ஆகாதவையும் உண்டு. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சூடாகி, சிவந்து, காய்ச்சலும் வந்தால் அது தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முடக்குவாதம் உள்ளவருக்கு நேற்று வரை நிமிர்ந்த விரல் இன்று வலியில்லாமல் தொங்கினால் தசைநாண் அறுந்திருக்கலாம். தாமதித்தால் சரிசெய்வது கடினம். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கு மணிக்கட்டைப் பின்னே சாய்க்காமல் நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் வேண்டும்.

வீக்கம் குறைந்தாலோ கூடினாலோ, விரலின் வளைவு மாறினாலோ பழைய ஸ்பிளிண்ட் பொருந்தாது. ஆகவே தெரபிஸ்டிடம் திரும்பப் போகும்போது அலமாரியில் கிடப்பதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வேலையில் கழற்றி வைத்தீர்கள், எந்த இடத்தில் கடித்தது என்று மாட்டிக்காட்டிச் சொல்லுங்கள். தெர்மோபிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் அதையே சூடாக்கித் திருத்தி அன்றே கையில் கொடுத்துவிடுவார்கள்.